தூரத்துச் சில்லு

வெள்ளிக்கிழமையில் இருந்து நாங்கள் கதைப்பதில்லை.
காரை விற்போம் என்று
மட்டக்களப்பில் இருக்கும் தமக்கையிடம் சொன்னவர்
பிறகுதான் எனக்குச் சொன்னார்.

பிரேக் எண்ணெய்க்கு இது தெரியாது.
அது தன்பாட்டில்
உவர்மலைக் காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து
பிளேன்ரீ நிறத்துக்கு வந்துவிட்டது.
பெடலை மிதித்தால்
ஊறிய பாணில் கால் வைத்தது போல.

கராஜில் கேட்ட காசுக்கு
நாலு மாத அரிசி வாங்கலாம்.
ஆகவே ஞாயிறு காலை,
நவ்பரிடம் இரவல் வாங்கிய இரும்பு முக்காலிகளில்
ஸ்டார்லெட்டை ஏற்றி நிறுத்திவிட்டு
படங்கு விரித்துக் கீழே படுத்தேன்.
பக்கத்தில் புத்தகம்.
எழுத்தெல்லாம் யப்பான். படங்கள் தமிழ்தான்.

நிப்பிள் இளகவில்லை.
முப்பது வருடமாகக் கடல்
அதைப் பூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.
மண்ணெண்ணெய் விட்டேன்.
ஆட்கள் தூங்கும் வீட்டுக் கதவைத் தட்டுவது போல
சுத்தியலால் மெல்லத் தட்டினேன்.
பத்தாம் நம்பர் ஸ்பனர் வழுக்கி
விரல்மொளித் தோல் போனது.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
அது கதைத்ததில் சேராது.

இதுவரை தனியே செய்யலாம்.
இனி ஒரு கால் வேண்டும்.
அபிசனாவை அனுப்பினேன்.
“அப்பா, அம்மாவுக்கு உங்கட கால் வேணுமாம்.”

வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி
சீற்றில் ஏறி இருந்தார்.
உயர்தரத்துக்குக் கணக்குப் படிப்பிக்கிறவர்.
“எத்தனை தரம்?” என்று மகளிடம் கேட்டார்.
“குமிழி நிக்குமட்டும்” என்று சில்லிடம் சொன்னேன்.

தூரத்துச் சில்லில்தான் தொடங்க வேண்டும்:
எண்ணெய் ஆகக் கூட நடக்கிற இடம்,
பின்னுக்கு, இடப்பக்கம்.

அமத்துங்கோ.
அமத்திட்டன்.
பிடியுங்கோ.
பிடிச்சிருக்கிறன்.

கால்வாசி திறந்தேன்.
ஜாம் போத்தலுக்குள் போகும் குழாயில்
வரிசையாய் வந்தன குமிழிகள்,
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி.
மூடினேன்.

விடுங்கோ.

மூன்றாம் சில்லில் மான் வந்தது.
இந்த ஊரில் அது அதிசயமில்லை.
பஸ் நிலையத்தில் படுக்கும், பழத்தோல் தின்னும்,
மாட்டைப் போல ஏச்சு வாங்கும்.
இது படங்கின் நுனியை நக்கிப் பார்த்துவிட்டு
புத்தகத்தில் பிரேக் இருக்கும் பக்கத்தைத் தின்றது.
எண்ணெய் மட்டத்தைப் பார்க்க நின்ற அபிசனா
மானுக்குப் பின்னால் ஓடினாள்.
நான் எழும்பித் தலையை இடித்தேன்.
யாரும் சொல்லவில்லை என்பதால்
அவர் அமத்தி, விட்டு, அமத்திக்கொண்டிருந்தார்.
டப்பா வற்றிக் காற்றை உறிஞ்சிவிட்டது.

திரும்ப முதலில் இருந்து.
திரும்பத் தூரத்துச் சில்லு.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இறங்கி வந்து புதுப் போத்தலை உடைத்து
கோடு மட்டும் ஊற்றினார், ஒரு துளி சிந்தாமல்.
மகளைத் திரும்பக் காவலுக்கு நிறுத்தினார்.
இந்த முறை
நான் சொல்ல முதலே அமத்தினார்.
எரிச்சலாக இருந்தது.
சரியான நேரமாகவும் இருந்தது.

வெயில் முருங்கையைத் தாண்டிப் படங்குக்கு வந்தபோது
குழாய் முழுக்க ஒரே நிறம், இளந்தேன்.
“இப்ப கால் கீழ போகேல்ல” என்றார்.
எனக்கா, மகளுக்கா, பெடலுக்கா
என்று நான் கேட்கவில்லை.

பின்னேரம் இறக்கத்தில் விட்டுப் பார்த்தோம்.
கீழே துறைமுகத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.
வளைவில் இன்னொரு மான், அல்லது அதே மான்,
எங்கள் பக்கத்தை இன்னும் மென்றுகொண்டு.
மிதித்தேன்.
கோடு கிழித்தது போலக் கார் நின்றது.

இடப்பக்கத்தில் அவருடைய காலும்
ஒன்றுமில்லாத விரிப்பை
இறுக்கி அமத்திக்கொண்டிருந்தது.
மான் கடந்து முடிந்தும் எடுக்கவில்லை.

விடுங்கோ, என்றேன்.